பெரிய லெகோ பிரிக் செட் கட்டறப்ப மாட்டிக்கிட்டீங்களா? எந்த அறிகுறிக்கு எங்க போய் தேடணும்

பெரிய செட் கட்டறவங்களுக்கு ஒரு விஷயம் புரிய ரொம்ப நாள் ஆகும், எனக்கும் ஆச்சு. பிரச்சனை கண்ணுல படற இடம் வேற, அது உண்டான இடம் வேற. 212-வது ஸ்டெப்ல ஒரு பீஸ் உட்காரலைன்னா தப்பு 212-ல இருக்காது, 160-லயோ 90-லயோ நீங்க பாட்டு கேட்டுக்கிட்டே அமுக்கின ஏதோ ஒரு சின்ன பிளேட்ல (தட்டையான பீஸ்ல) இருக்கும். 300 பீஸ் செட்னா பரவாயில்ல, மொத்தமா பிரிச்சு திரும்ப கட்டிடலாம். 7541 பீஸ் இருக்கற மில்லேனியம் ஃபால்கன், 9090 பீஸ் டைட்டானிக், 10,001 பீஸ் ஈஃபில் டவர் மாதிரி செட்ல அப்படி பிரிச்சா மனசு விட்டுப்போயிடும், பெட்டி ஆறு மாசம் அலமாரி மேல கிடக்கும். அதனால அறிகுறிய வெச்சு எங்க போய் தேடணும்னு எனக்கு தெரிஞ்சத எழுதறேன். உங்களுக்கு எது நடக்குதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க, முழுசா படிக்கணும்னு இல்ல.

"இந்த பீஸ் இங்க உட்காரவே மாட்டேங்குது"

எல்லாருக்கும் வர்ற கம்ப்ளெயின்ட் இதுதான், அதனால இதுல கொஞ்ச நேரம் நிக்கறேன்.

முதல்ல அமுக்கறத நிறுத்துங்க. சரியான பீஸ், சரியான இடம்னா கட்டைவிரல் அழுத்தத்துக்கே 'டக்'குனு உட்காரும். உள்ளங்கைய வெச்சு உடம்பு பாரத்த போட்டு அமுக்க வேண்டி வருதுன்னா எங்கயோ தப்பு. அமுக்கி உட்கார வெச்சிட்டீங்கன்னா இன்னும் மோசம், ஏன்னா அந்த தப்பு இப்ப மறைஞ்சிடுச்சு, நாப்பது ஸ்டெப் தள்ளி வேற ரூபத்துல வரும்.

அடுத்து, கையில இருக்கறது அதே பீஸ்தானான்னு பாருங்க. பெரிய செட்ல ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கறது சகஜம். 1×2-ன்னா அகலம் ஒரு ஸ்டட், நீளம் ரெண்டு ஸ்டட், ஸ்டட்னா பீஸ் மேல இருக்கற குமிழ். 1×2 டெக்னிக் பிரிக்ல (டெக்னிக்னா கியர் எல்லாம் மாட்டற லெகோ வகை) ஒரு ஓட்டை இருக்கறது, ரெண்டு ஓட்டை இருக்கறது, பிளஸ் வடிவ ஓட்டை இருக்கறதுன்னு மூணு இருக்கு. சின்ன 1×2 பிராக்கெட்ல (L வடிவ பீஸ்) பக்கவாட்டு தகடு மேல் நோக்கி போறது ஒண்ணு, கீழ் நோக்கி போறது ஒண்ணு, படத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சந்தேகம்னா பீஸ திருப்பி உள்பக்கம் பாருங்க, பொடி எழுத்துல ஒரு நம்பர் அச்சாகி இருக்கும். 2×4 பிரிக்னா 3001, 2×4 பிளேட்னா 3020, 1×2 பிளேட்னா 3023. மேல்நோக்கி பிராக்கெட் 99780, கீழ்நோக்கி 99781. அந்த நம்பர நெட்ல போட்டா அந்த பீஸோட ஜாதகமே வந்துடும். எழுத்து தெரியலைன்னா போன் கேமராவ ஜூம் பண்ணி பாருங்க, வெளிச்சத்த பக்கவாட்டுல இருந்து அடிங்க.

பீஸ் சரிதான்னா, இடம் தப்பு. இங்கதான் பெரும்பாலானவங்க ஒரு ஓரத்துல இருந்து மட்டும் ஸ்டட் எண்ணிட்டு "நான் கரெக்டாதான் வெச்சிருக்கேன்"னு சண்டைக்கு வருவாங்க. ரெண்டு ஓரத்துல இருந்தும் எண்ணுங்க. இடது பக்கம் இருந்து ஏழாவது ஸ்டட், வலது பக்கம் இருந்து அஞ்சாவதுன்னு ரெண்டும் மேனுவலோட ஒத்துப்போச்சுன்னா அந்த பீஸ் ஓகே. ஒண்ணு ஒத்துப்போய் இன்னொண்ணு ஒத்துப்போகலைன்னா இந்த பீஸ் மேல பழி இல்ல, அடியில இருக்கற பிளேட்டோட நீளமே தப்பு, 2×8 போட வேண்டிய இடத்துல 2×6 போட்டிருப்பீங்க.

அதுவும் சரியா இருக்கே, ஆனாலும் உட்காரலையேன்னா பின்னாடி போகணும். ஒவ்வொரு பக்கமா புரட்டிக்கிட்டு போனா விடிஞ்சிடும், பாதி பாதியா போங்க. 100-வது ஸ்டெப்ல எல்லாம் சரியா இருந்தது நிச்சயமா தெரியும், 160-ல தப்பு தெரியுதுன்னா 130-வது படத்த எடுத்து, மாடல அதே கோணத்துல திருப்பி வெச்சு ஒப்பிடுங்க. 130 சரின்னா 145, இல்லைன்னா 115. அறுபது ஸ்டெப்ப ஆறு தடவை பார்த்தாலே தப்பு எந்த ஸ்டெப்னு மாட்டிக்கும். மேல மூடினதால தெரியலைன்னா பக்கவாட்டுல இருக்கற சந்து வழியா டார்ச் அடிச்சு பாருங்க, பிளேட்டோட விளிம்பு எங்க முடியுதுன்னு தெரிஞ்சாலே போதும்.

என் கதைய சொல்றேன். வட்டமா சுத்தி வர்ற ஒரு கூரை, எட்டு ஒரே மாதிரி பேனல். ஏழு பேனல் வெண்ணெய் மாதிரி உட்கார்ந்துச்சு, எட்டாவது மட்டும் அரை மில்லிமீட்டர் இடிச்சுது. எட்டாவது பேனல மூணு தடவை பிரிச்சு கட்டினேன், மூணு சாயங்காலம் போச்சு. கடைசில பார்த்தா பேனல்ல தப்பே இல்ல, அதுக்கு அடியில இருக்கற வளையத்துல ஒரே ஒரு 1×2 பிளேட் ஒரு ஸ்டட் நகர்ந்து இருந்துச்சு, அதுக்கு மேல டைல் (ஸ்டட் இல்லாத வழுவழு பீஸ்) போட்டு மூடியாச்சு. ஏழு பேனல் அந்த தப்ப பங்கு போட்டுக்கிட்டு சமாளிச்சிருக்கு, எட்டாவதுக்கு இடம் இல்லாம போச்சு. தும்பை விட்டுட்டு வாலை பிடிக்கிற வேலைன்னா இதுதான்.

இடது வலது குழப்பமும் இதே ரகம். இறக்கை, கதவு, கப்பலோட ரெண்டு பக்கம், இப்படி கண்ணாடி பிம்பமா கட்ட வேண்டியத ரெண்டையும் ஒரே பக்கமா கட்டி வெச்சுடுவோம். மேனுவல்ல "2×" போட்டிருந்தா ஒரே மாதிரி ரெண்டு. தனித்தனி ஸ்டெப்பா ரெண்டு தடவை வந்தா எங்கயோ வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம், இல்லைன்னா அவங்க எதுக்கு பேப்பர வீணாக்கப்போறாங்க. அப்புறம் ரெண்டு அம்பு வட்டமா சுத்தற சின்ன படம் இருக்கு பாருங்க, மாடல திருப்புன்னு சொல்றது, அத கவனிக்காம விட்டுட்டு எதிர்ப்பக்கத்துல பீஸ் மாட்டாதவங்க யாருமே கிடையாது.

"பக்கவாட்டுல மாட்டற பேனல் மயிரிழை வெளிய நீட்டுது"

இதுக்கு கொஞ்சம் கணக்கு தெரிஞ்சா போதும். ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ., பிரிக் உயரம் 9.6 மி.மீ., பிளேட் உயரம் 3.2 மி.மீ. அதனால மூணு பிளேட் ஒரு பிரிக், அஞ்சு பிளேட் அடுக்கினா 16 மி.மீ., அதாவது சரியா ரெண்டு ஸ்டட் அகலம். பக்கவாட்டு கட்டுமானம் எல்லாமே இந்த அஞ்சுக்கு ரெண்டு கணக்குலதான் ஓடுது. பிராக்கெட்டோட தகடு அரை பிளேட் தடிமன், 1.6 மி.மீ. பேனல் வெளிய எவ்வளவு நீட்டுதுன்னு ஒரு பிளேட்ட பக்கத்துல வெச்சு பாருங்க. முழு பிளேட் அளவு நீட்டினா எங்கயோ ஒரு பிளேட் கூட போட்டிருக்கீங்க. பாதி பிளேட் அளவுன்னா பிராக்கெட் இருக்க வேண்டிய இடத்துல பிராக்கெட் இல்ல, இல்ல வேற பிராக்கெட் இருக்கு. அதுவும் இல்லாம வெறும் மயிரிழைதான்னா தப்பே இல்லாமலும் இருக்கலாம், ஏன்னா பக்கத்து பிரிக்கோட இடிக்காம இருக்க ஒவ்வொரு பிரிக்கும் ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. குறைச்சுதான் செய்யறாங்க, அந்த சந்து எல்லா மாடல்லயும் இருக்கும்.

"சுவர்ல கேப் விழுது, நீள பிளேட் வில்லு மாதிரி வளையுது"

கேப்புக்கு பத்துல எட்டு தடவை காரணம் ஒரு பீஸ் முழுசா அமுங்காததுதான். எல்லா ஓரத்தையும் விரலால தடவிக்கிட்டே போங்க, கண்ணுக்கு தெரியாதது விரலுக்கு தெரியும். ஒரு தடவை எனக்கு ஒரு முடி மாட்டியிருந்துச்சு, நம்ப மாட்டீங்க, ஒரே ஒரு தலைமுடி ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல உட்கார்ந்து முழு வரிசையையும் தூக்கி காட்டிடுச்சு.

வளையறது வேற விஷயம். 16×16 மாதிரி பெரிய பிளேட் மேல ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு வரிசையா டைல் அடிச்சுக்கிட்டே போனா ஒவ்வொரு டைலும் பக்கத்துல இருக்கறத துளி துளியா தள்ளும், நூறு டைல் போட்டப்புறம் பிளேட் வில்லா நிக்கும். நடுவுல ஆரம்பிச்சு வெளிய நோக்கி போங்க, சமதளமான மேசை மேல வெச்சு அமுக்குங்க, மடியில வெச்சு அமுக்காதீங்க. முழுசா முடிக்கறவரைக்கும் டைல லேசா மட்டும் வெச்சுட்டு கடைசில ஒரே தடவையா அமுக்கறது என் வழக்கம். அடியில இன்னொரு அடுக்கு வந்தா பாதி வளைவு தானா நேராயிடும், அதனால பேஸ்ல வளைவ பார்த்துட்டு உடனே பதறி பிரிக்காதீங்க.

"ஒரு பீஸ் காணோம்"

பையில வரலைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உங்களையே சந்தேகப்படுங்க. சின்ன சின்ன பீஸ்ல வழக்கமா ஒண்ணு ரெண்டு கூடவே போட்டிருப்பாங்க, பை எல்லாம் எடை பார்த்து பேக் ஆகுது, பொடி பீஸோட எடைய வெச்சு குறையுதான்னு கண்டுபிடிக்க முடியாதுங்கறதால. அதனால 1×1 காணோம்னா அது பெரும்பாலும் வீட்லதான் இருக்கு.

தேட வேண்டிய இடம்: காலி பையோட மூலை, பிளாஸ்டிக்னா நிலைமின்சாரத்துல ஒட்டிக்கும், பேப்பர் பைன்னா மடிப்புல ஒளிஞ்சிருக்கும். அப்புறம் பெரிய பீஸோட அடிவயிறு, கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி பீஸ், உங்க முழங்கை, சட்டை மடிப்பு, நாற்காலியோட சந்து. தரையில தேடறதா இருந்தா லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச தரையோட தரையா படுக்க வெச்சு அடிங்க, பொடி பீஸுக்கு கூட நீள நிழல் விழும்.

அங்கயும் இல்லைன்னா அதுக்கு ரொம்ப வாய்ப்பு இருக்கற காரணம், நீங்க அத ஏற்கனவே வேற இடத்துல போட்டாச்சு. இத எப்படி உறுதி பண்றது? உங்க தட்டுல அதே மாதிரி ஆனா வேற நிறத்துலயோ வேற நீளத்துலயோ ஒரு பீஸ் மிச்சம் இருக்கான்னு பாருங்க. 2×3 காணோம், 2×4 ஒண்ணு எக்ஸ்ட்ரா நிக்குதுன்னா கதை முடிஞ்சது, ரெண்டும் இடம் மாறியிருக்கு. அதனால ஒவ்வொரு பை முடிஞ்சதும் மிச்சத்த அப்படியே குப்பியில கொட்டாம ஒரு நிமிஷம் பாருங்க. 1×1, சின்ன பின், குட்டி டைல் மாதிரி பொடிசு மிச்சமானா சரி. 1×2 பிளேட்ட விட பெருசா ஏதாவது மிச்சமானா அடுத்த பைய பிரிக்காதீங்க. இது ஒண்ண கடைபிடிச்சா இந்த கட்டுரைல பாதி உங்களுக்கு தேவையே படாது.

நிஜமாவே வரலைன்னா மேனுவல் கடைசி பக்கத்துல எல்லா பீஸும் படத்தோட இருக்கும், பக்கத்துல ஆறு ஏழு இலக்கத்துல ஒரு நம்பர். உள்ள அச்சாகி இருக்கற நம்பர் வடிவத்துக்கு மட்டும்தான், இந்த நம்பர் வடிவம் நிறம் ரெண்டுக்கும் சேர்த்து. தயாரிப்பாளர்கிட்ட கேக்கறப்ப செட் நம்பரையும் இதையும் குடுங்க. பழைய செட்டுக்கு தனி பீஸ் விக்கற பிரிக்லிங்க் மாதிரி சந்தை இருக்கு. பீஸ் வர்றவரைக்கும் வேலைய நிறுத்தணும்னு இல்ல, அதே அளவு வேற நிறத்துல மாட்டிட்டு அந்த இடத்துல ஒரு துண்டு டேப் ஒட்டிட்டு போங்க. ஆனா பின்னாடி மூடிப்போற இடம்னா யாருக்கு தெரியப்போகுது, பச்சை கலர்ல ஒண்ணு உள்ள கிடந்துட்டு போகட்டும்.

"எது கறுப்பு, எது கருநீலம்னே தெரியல"

உங்க கண்ணு நல்லா இருக்கு, லைட்டுதான் சரியில்ல. மஞ்ச லைட்ல கருநீலம், கறுப்பு, கரும்பழுப்பு மூணும் ஒண்ணுதான். 5000 கெல்வினுக்கு மேல இருக்கற வெள்ளை லைட் ஒண்ணு மேசைக்கு மேல தொங்கவிடுங்க, இல்லைன்னா இந்த நிறங்கள பகல்ல ஜன்னல் பக்கம் வெச்சு பிரிச்சுக்கோங்க. அச்சடிச்ச மேனுவல்ல குழப்பம் வந்தா அதே மேனுவல் லெகோவோட ஆப்ல இருக்கும், ஸ்கிரீன்ல பெருசாக்கி பார்த்தா தெளியும். பழைய பீஸையும் புது பீஸையும் கலந்து கட்டறவங்களுக்கு ஒண்ணு: லெகோல 2004 வாக்குல சாம்பல் நிறமே மாறிடுச்சு, புது சாம்பல்ல லேசா நீலம் கலந்திருக்கும். ஒரே சுவர்ல ரெண்டும் கலந்தா திட்டு திட்டா தெரியும், அது அழுக்கு இல்ல, கழுவினா போகாது.

"டெக்னிக் மாடல், கியர் சுத்த மாட்டேங்குது" / "டொக் டொக்னு சத்தம்" / "எதிர்ப்பக்கம் சுத்துது"

இந்த மூணும் மூணு வேற வியாதி, ஒரே மருந்து குடுக்காதீங்க.

சுத்தவே இல்லைன்னா உராய்வு. முதல் சந்தேகம் பின் மேல, அதாவது ஓட்டையில சொருகி ரெண்டு பீஸ இணைக்கற குட்டி பீஸ். கறுப்பு சின்ன பின்ல வரிவரியா மேடு இருக்கும், அது இறுக்கி பிடிக்கறதுக்கு. அதே வடிவத்துல சாம்பல் பின் வழுவழுன்னு இருக்கும், அது சுத்தறதுக்கு. மூணு ஓட்டை நீளம் இருக்கற பின்ல நீலம் இறுக்கம், மணல் நிறம் லூசு. பாதி ஆக்சில் (கியர் மாட்டற பிளஸ் வடிவ கம்பி) பாதி பின்னா இருக்கறதுலயும் அதே நீலம், மணல் கதைதான். சுத்த வேண்டிய இடத்துல நீலத்த போட்டிருந்தா ஒரு இடத்துல பெருசா தெரியாது, ஆறு இடத்துல போட்டா மோட்டாரே முனகும். அடுத்த சந்தேகம் புஷ், ஆக்சில் நகராம பிடிக்கற சின்ன வளையம். ஆக்சில்ல புஷ்ஷ பீமோட (வரிசையா ஓட்டை இருக்கற நீள பீஸ்) ஒட்டி நசுக்கி வெச்சிருப்பீங்க. ஆக்சில பிடிச்சு முன்ன பின்ன ஆட்டினா துளி ஆடணும், ஒரு காகிதம் நுழையற அளவுக்கு விட்டா போதும். மூணாவது, ஆக்சிலோட நீளம். மேனுவல்ல ஆக்சில் பக்கத்துல அதோட நிஜ அளவுலயே படம் போட்டிருப்பாங்க, அது மேலயே வெச்சு பார்க்கலாம். ஒரு அளவு நீளமானத போட்டா முனை அந்தப்பக்கம் போய் வேற கியர இடிக்கும்.

எங்க பிடிக்குதுன்னு கண்டுபிடிக்க கடைசில இருந்து கழட்டிக்கிட்டே வாங்க. சக்கரத்த பிரிங்க, சுத்திப்பாருங்க. அடுத்த கியர ஆக்சில்ல தள்ளி விலக்குங்க, சுத்திப்பாருங்க. எத விலக்கினப்ப லேசாச்சோ அங்கதான் ஆள் ஒளிஞ்சிருக்கான். இத மாடல் மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கியர் சேர்த்ததும் கையால ஒரு சுத்து சுத்தி பார்க்கற பழக்கமா வெச்சுக்கிட்டா இந்த பாடே இல்ல. 3599 பீஸ் புகாட்டி சிரான் மாதிரி செட்ல கியர் பெட்டி மாடலோட வயித்துக்குள்ள போயிடும், அப்புறம் உடல் பேனல் எல்லாம் மாட்டினப்புறம் தெரிஞ்சா அறுவை சிகிச்சைதான்.

டொக் டொக் சத்தம்னா பல் தாண்டுது. ரெண்டு கியரும் சரியான தூரத்துல இருக்கான்னு ஒரு சின்ன கணக்குல தெரிஞ்சுக்கலாம்: ரெண்டு கியரோட பல்ல கூட்டி 16-ஆல வகுங்க, எத்தன ஓட்டை தள்ளி இருக்கணும்னு வரும். 8 பல்லும் 24 பல்லும்னா 32, வகுத்தா 2. 8-ம் 40-ம்னா 3. 12-ம் 20-ம் சேர்ந்தாலும் 2. கணக்கு சரியா வந்தும் தாண்டுதுன்னா கியர பிடிச்சிருக்கற பீம் பாரம் வர்றப்ப விரியுது, குறுக்கே மாட்ட வேண்டிய ஒரு பீமையோ பின்னையோ விட்டிருப்பீங்க. ஆனா அவசரப்படாதீங்க, நடுவுல 24 பல் வெள்ளை கியர் ஒண்ணு இருந்து, அது மேல 2.5, 5-னு பொடி எண் அச்சாகி இருந்தா அது கிளட்ச் கியர், பாரம் அதிகமானா வழுக்கி சத்தம் போடறதுதான் அதோட வேலை, மோட்டார காப்பாத்துது. லீனியர் ஆக்சுவேட்டரும் (சுத்தினா நீண்டு சுருங்கற தண்டு) முழுசா நீண்டப்புறமோ முழுசா சுருங்கினப்புறமோ டிக் டிக்னு அடிக்கும், அதுவும் வியாதி இல்ல. ரெண்டு ஆக்சுவேட்டர் ஒரே கைய தூக்கற மாதிரி இருந்தா, மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே நீளத்துக்கு கொண்டு வாங்க. இத விட்டா கை ஒரு பக்கம் கோணி தூக்கும், ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்.

எதிர்ப்பக்கம் சுத்தினா எண்ணுங்க. நேருக்கு நேர் கடிக்கற ஒவ்வொரு கியர் ஜோடியும் திசைய ஒரு தடவை மாத்தும், நடுவுல ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ மொத்தமும் தலைகீழ். கார்னா பெரும்பாலும் டிஃபரன்ஷியல (ரெண்டு சக்கரத்துக்கும் சுழற்சிய பிரிச்சு குடுக்கற கியர் கூடு) திருப்பி மாட்டியிருப்பீங்க, பெரிய பல் இருக்கற பக்கம் இடமா வலமான்னு மேனுவல்ல திரும்ப பாருங்க. கியர் மாத்தற பெட்டில முதல் கியருக்கு அப்புறம் மூணாவது வருதுன்னா அதுல இருக்கற வளைஞ்ச செலக்டர் எந்த பக்கம் பார்த்து நிக்கணும்னு படத்துல இருக்கோ அதே நிலையில வெச்சு மாட்டலைன்னு அர்த்தம். பிரிக்காம சரி பண்ண முடியாது, முயற்சி பண்ணி ஆக்சில முறுக்கிக்காதீங்க.

"ரெண்டு பிளேட் ஒட்டிக்கிச்சு, நகம் போச்சு"

பல்லு வேண்டாம், கத்தி வேண்டாம். செப்பரேட்டர் (பீஸ் பிரிக்கற சின்ன பிளாஸ்டிக் நெம்புகோல்) ரெண்டு இருந்தா வேலை சுலபம்: ஒண்ண மேல் ஸ்டட்ல மாட்டுங்க, இன்னொண்ண அடியில மாட்டுங்க, ரெண்டு கைப்பிடியும் ஒரே பக்கம் இருக்கட்டும், கத்தரிக்கோல் மாதிரி சேர்த்து நசுக்குங்க, விட்டுடும். பெரிய செட் ஒவ்வொண்ணுலயும் ஒரு செப்பரேட்டர் வரும், "என்கிட்ட ஏற்கனவே இருக்கே"ன்னு தூக்கிப்போடாதீங்க. 1×1 ரெண்டு ஒட்டிக்கிட்டா ரெண்டையும் தனித்தனியா பெரிய பிரிக்ல மாட்டி நெம்புங்க. டைல்னா அடியில ஓரமா ஒரு பள்ளம் ஓடும், செப்பரேட்டரோட மெல்லிய முனை அதுக்குதான். ஆக்சில் ஓட்டைக்குள்ள போய் மாட்டிக்கிட்டா செப்பரேட்டர் முதுகுல நீட்டிக்கிட்டு இருக்கற பிளஸ் முனையால குத்தி தள்ளுங்க. கண்ணாடி மாதிரி இருக்கற டிரான்ஸ்பரன்ட் பீஸ் ரெண்ட ஒண்ணுக்குள்ள ஒண்ணு சும்மா விளையாட்டுக்கு கூட அமுக்காதீங்க, அது பிடிச்சா விடாது, கிறீச்னு ஒரு சத்தம் வேற வரும்.

"பீஸ் வெடிச்சிடுச்சு"

பழுப்பு நிறமா? அடர்சிவப்பா? பழைய செட்டா? அப்ப உங்க மேல தப்பு இல்ல. இந்த நிறத்துல சில வருஷம் பழசான பீஸ் பிஸ்கட் மாதிரி உடையும்னு இந்த பொழுதுபோக்குல இருக்கற எல்லாருக்கும் தெரியும், குறிப்பா கிளிப், மெல்லிய 1×2 பிளேட். பழைய செட்ட பிரிக்கறதா இருந்தா இந்த நிறத்த கடைசியா, அறை ரொம்ப குளிரா இல்லாதப்ப, நெம்பாம நேரா மேல இழுத்து எடுங்க. மத்த நிறத்துல புது பீஸ் வெடிச்சா கட்டுமானத்துல எங்கயோ இழுவிசை இருக்கு, ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்கற மாதிரி மாட்டியிருக்கீங்க. ஒட்டு போடாதீங்க, மாத்திடுங்க.

"ஸ்டிக்கர் கோணலா போச்சு"

இதுல எனக்கு பொறுமை கம்மி, அதனால சுருக்கமா. விரலால ஒட்டாதீங்க. ஸ்டிக்கரோட ஒரு ஓரத்த செப்பரேட்டரோட மெல்லிய முனையில லேசா ஒட்டி, பீஸ் மேல மிதக்கவிட்டு, ரெண்டு மூலையும் நேரா வந்தப்புறம் இறக்குங்க. பீஸ் மேல சோப்பு கலந்த தண்ணி ஒரு சொட்டு தடவிட்டு ஒட்டினா நகர்த்த நேரம் கிடைக்கும், அப்புறம் நடுவுல இருந்து வெளிய நோக்கி துணியால ஒத்தி தண்ணிய வெளியேத்துங்க. ஏற்கனவே கோணலா ஒட்டிட்டீங்கன்னா ஹேர் டிரையர்ல தூரத்துல இருந்து இளஞ்சூடு காட்டி மெதுவா உரிங்க, பக்கத்துல வெச்சா பீஸ் வளைஞ்சிடும். ரெண்டு பீஸ் மேல படற மாதிரி எந்த ஸ்டிக்கரையும் ஒட்டாதீங்க. ஒட்டவே வேண்டாம்னு விட்டுடறதும் ஒரு வழிதான், நான் இப்ப பாதி செட்ல அப்படித்தான் பண்றேன்.

"கட்டைவிரல் வலிக்குது"

சிரிக்காதீங்க, ஆயிரம் டைல் அடிச்சு பாருங்க. விரல் நுனியால அமுக்காம ஒரு 2×4 பிரிக்க கவுத்து வெச்சு அது மேல அமுக்குங்க, ஸ்டட் தடம் விரல்ல பதியாது. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. தப்பு பெரும்பாலும் ராத்திரி கடைசி அரைமணி நேரத்துலதான் நடக்குதுங்கறது என் அனுபவம், அடுத்த நாள் பாதி பாதியா தேடறது எல்லாமே அந்த அரைமணி நேரத்த தேடறதுதான்.

"வெள்ளை மஞ்சளாகுது, டயர் தடம் பதிஞ்சுடுச்சு, தூசி"

மஞ்சளுக்கு காரணம் முக்கியமா வெயில்ல இருக்கற புற ஊதா கதிர். ஹைட்ரஜன் பெராக்சைடுல ஊற வெச்சு வெயில்ல காட்டினா வெளுக்கும், ஆனா நாளாக நாளாக திரும்ப மஞ்சளாகலாம், ஸ்டிக்கரோ அச்சோ இருக்கற பீஸ அதுல போடாதீங்க. ஜன்னல விட்டு தள்ளி வைக்கறதுதான் மலிவான வைத்தியம். ரப்பர் டயர பிளேட் மேல வருஷக்கணக்கா அழுத்தி நிறுத்தி வெச்சா டயர்ல இருக்கற ரசாயனம் பிளாஸ்டிக்க அரிச்சு தடம் விழும், அது போகாது. அடியில ஒரு கண்ணாடியோ அட்டையோ போடுங்க, இல்ல ஆக்சிலுக்கு கீழ முட்டு குடுத்து டயர் தொடாம தூக்கி வைங்க. தூசிய மென்மையான மேக்கப் பிரஷ்ல தட்டுங்க. கழுவறதா இருந்தா 40 டிகிரிக்கு மேல போகாத தண்ணி, லேசான சோப்பு, காத்துல காயவிடணும். மோட்டார், பேட்டரி பெட்டி, ஸ்டிக்கர் ஒட்டின பீஸ் எதுவும் தண்ணி பக்கமே போகக்கூடாது. பேட்டரிய உள்ள விட்டுட்டு ஷோகேஸ்ல வைக்கறவங்க ஒரு நாள் பச்சை பூத்த தகட்ட பார்த்து அழுவாங்க, கழட்டிட்டு வைங்க.

"தூக்கினேன், ரெண்டா போச்சு"

எங்க பிடிச்சு தூக்கினீங்க? இந்த கேள்விக்கு பதில் பெரும்பாலும் "அழகா இருக்கற இடத்துல". பெரிய மாடல்ல வெளிய தெரியற பேனல் எல்லாம் சட்டை மாதிரி, ரெண்டு கிளிப்புல தொங்கிக்கிட்டு இருக்கும். பாரம் தாங்கறது உள்ள இருக்கற டெக்னிக் சட்டம். கட்டறப்பவே முதல் பைகள்ல அந்த சட்டத்த பார்த்திருப்பீங்க, எந்த இடத்துல அது வெளிப்பக்கம் வரைக்கும் வருதுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பின்னாடி அதுதான் உங்க கைப்பிடி. டைட்டானிக் 135 செ.மீ. நீளம், மூணு துண்டா பிரியும். ஈஃபில் டவர் 149 செ.மீ. உயரம், நாலு துண்டா பிரியும். பிரியறதுக்குன்னு வடிவமைச்சத முழுசா தூக்கறேன்னு வீரம் காட்ட வேண்டாம், துண்டு துண்டாவே நகர்த்துங்க.

உடைஞ்சிடுச்சுன்னா உடனே பொறுக்காதீங்க. முதல்ல விழுந்த நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்க, எது எது பக்கத்துல விழுந்துச்சுங்கறதே பாதி மேனுவல். அப்புறம் ஒட்டிக்கிட்டு இருக்கற கட்டிகள கட்டியாவே தனியா எடுத்து வைங்க, உதிரிய ஒரு தட்டுல. மேனுவல கடைசில இருந்து பின்னோக்கி புரட்டிக்கிட்டே வந்து, உங்க கையில இருக்கற மாடல் எந்த ஸ்டெப் படத்தோட ஒத்துப்போகுதோ அங்க நிறுத்துங்க. அங்க இருந்து முன்னாடி கட்டுங்க. விழுந்ததுல சில பிளேட் கழண்டு விழாம ஒரு ஸ்டட் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கும், அதையெல்லாம் விரலால தடவி அமுக்கிட்டு அப்புறம் அடுத்த பீஸ மாட்டுங்க.